மொட்டை மாடியில் மின்சாரம்! வெள்ளானூர் வீடுகளுக்குச் சூரியன் லாபமா, நஷ்டமா?

சென்னையில் வெயிலைத் திட்டாதவர்கள் இல்லை. சித்திரை மாதம் பிறந்தால் போதும், மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியாது. தொட்டித் தண்ணீர் கொதிக்கும். இரவிலும் சுவர் சுடும்.

இந்த வெயிலை வீட்டுப் பெண்கள் மட்டுமே இத்தனை காலமும் உருப்படியாகப் பயன்படுத்தி வந்தார்கள். வடாம் இட்டார்கள். மிளகாய் காயவைத்தார்கள். துணி உலர்த்தினார்கள்.

இப்போது அதே வெயிலுக்குப் புதிய வேலை ஒன்று வந்திருக்கிறது. அது விளக்கு எரிக்கிறது. விசிறியைச் சுற்றுகிறது. மாவரைக்கிறது. ஏ.சி. யந்திரத்தைக்கூட ஓட்டுகிறது!

ஆவடிக்கு வடக்கே, வேல்டெக் சாலை வழியாகப் போனால் வருவது வெள்ளானூர். திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். சென்னைப் பட்டணம் மேற்கே பெருகப் பெருக, ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் இப்படிப்பட்ட ஊர்களில் மனை வாங்கி வீடு கட்டியவர்கள் பலர். தொழிற்சாலையில் உழைத்து, சீட்டுக் கட்டி, கடன் வாங்கிக் கட்டிய வீடுகள் அவை. அந்த வீடுகளுக்கு எல்லாம் தலைக்கு மேலே ஒரு மொட்டை மாடி உண்டு. அதற்கு மேலே வருஷத்தில் பெரும்பகுதி நாட்கள் கொளுத்தும் வெயில் உண்டு.

“மாடியில் சோலார் போட்டுக்கொள்ளுங்கள். மின்சார பில்லே வராது” என்று விளம்பரங்கள் கூறுகின்றன.

உண்மைதானா? எல்லா வீட்டுக்கும் இது பொருந்துமா? போட்ட பணம் திரும்பி வருமா?

கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டிய விஷயம் இது.

வெயில் எப்படி மின்சாரம் ஆகிறது?

சூரிய ஒளி பட்டால் சில பொருள்களில் மின்சாரம் உண்டாகிறது என்பதை 1839-ம் ஆண்டில் பிரான்சு தேசத்தைச் சேர்ந்த பெக்கரல் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது 19 தான்! ஆனால், அது வெகு காலம் ஆராய்ச்சிக் கூடத்துக்குள்ளேயே கிடந்தது.

1954-ம் ஆண்டில் அமெரிக்காவில் உள்ள பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் மூன்று விஞ்ஞானிகள் சிலிக்கன் என்ற பொருளைக் கொண்டு சூரிய மின்கலம் செய்து காட்டினார்கள். மேலே விழும் ஒளியில் 100-ல் 6 பங்கை அது மின்சாரம் ஆக்கியது. 1958-ம் ஆண்டில் வானில் ஏவப்பட்ட ‘வான்கார்டு’ என்ற அமெரிக்கச் செயற்கைக் கோள் இத்தகைய மின்கலங்களைச் சுமந்து சென்றது. வானவெளியில் கம்பி இழுக்க முடியாது அல்லவா? அங்கே சூரியன்தான் துணை.

சிலிக்கன் எங்கே கிடைக்கிறது? மணலில்! ஆற்று மணலிலும் கடற்கரை மணலிலும் இருக்கும் பொருளைச் சுத்தம் செய்து, மெல்லிய தகடாக அறுத்து, கண்ணாடிக்கு அடியில் வைத்தால் அதுதான் சோலார் பலகை. இதில் சுற்றும் சக்கரம் இல்லை. புகை இல்லை. சத்தம் இல்லை. இன்று விற்கும் பலகைகள் ஒளியில் 100-க்கு 20 பங்கும், அதற்குச் சற்று மேலும் மின்சாரம் ஆக்குகின்றன.

பலகையில் இருந்து வரும் மின்சாரம் பேட்டரியில் இருந்து வருவதைப் போன்றது. வீட்டு விசிறியும் மிக்சியும் அதில் ஓடா. ஆகவே ‘இன்வெர்ட்டர்’ என்ற பெட்டி அதை வீட்டு மின்சாரமாக மாற்றித் தருகிறது.

எவ்வளவு கிடைக்கும்?

ஒரு கிலோவாட் சக்தி உள்ள சோலார் அமைக்க ஏறத்தாழ 100 சதுர அடி இடம் வேண்டும். நிழல் விழாத இடமாக அது இருக்கவேண்டும். சென்னை வட்டாரத்து வெயிலில் அது சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் மின்சாரம் கொடுக்கும்.

600 சதுர அடி மொட்டை மாடி உள்ள வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, துணி காயப்போடும் கொடி இவற்றுக்கெல்லாம் பாதி போய்விடும். மீதி 300 சதுர அடி. அதில் 3 கிலோவாட் அமைக்கலாம். நாள் ஒன்றுக்கு 12 யூனிட். இரண்டு மாதத்துக்கு 720 யூனிட்!

இது சராசரிக் கணக்கு. பங்குனியில் இருந்து வைகாசி வரை இதைவிட அதிகம் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குறைந்துபோகும்.

இன்னொரு வேடிக்கை. சோலார் பலகைக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது! பலகை அதிகமாகச் சூடானால் மின்சாரம் சற்றுக் குறைகிறது. ஆகவே பலகையைத் தளத்தோடு ஒட்டிப் பதிக்கக் கூடாது. அடியில் காற்று ஓடும்படி கால்கள் நட்டு உயர்த்தி வைக்கவேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் உயர்த்தினால் இரண்டு லாபம். அடியில் பழையபடி துணி உலர்த்தலாம். கீழே உள்ள அறையிலும் சூடு குறையும்.

பலகை எந்தத் திசையைப் பார்க்கவேண்டும்? தெற்கு. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி நாட்கள் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்து போகிறது. ஆகவே பலகையைத் தெற்கு நோக்கி, 10 அல்லது 15 பாகை சாய்த்து வைப்பது வழக்கம். மழை பெய்தால் தூசியும் வழிந்து போகும்.

இருவழி மீட்டர்

பகல் 12 மணிக்கு வெயில் உச்சத்தில் இருக்கிறது. அப்போது வீட்டில் யார் இருக்கிறார்கள்? கணவர் தொழிற்சாலையில். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். பலகை செய்யும் மின்சாரத்தை யார் செலவழிப்பது?

இதற்காகத்தான் இருவழி மீட்டர் வைக்கிறார்கள். வீட்டில் மிஞ்சிய மின்சாரம் கம்பி வழியாகத் தெருவுக்குப் போகிறது. பக்கத்து வீட்டு விசிறி அதில் சுற்றும். இரவில் உங்கள் வீட்டுக்கு வேண்டிய மின்சாரம் அதே கம்பி வழியாகத் திரும்பி வருகிறது. போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று மீட்டர் இரண்டையும் குறித்துவைக்கிறது. கழித்துப் பார்த்து மீதிக்குத்தான் பில். அதிகமாகக் கொடுத்திருந்தால் அடுத்த பில்லில் வரவு வைக்கப்படுகிறது.

பால் சொசைட்டியில் காலையில் பால் ஊற்றிவிட்டு, மாலையில் நமக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு இது.

சர்க்கார் என்ன தருகிறது?

2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் மத்திய சர்க்கார் ‘பிரதம மந்திரி சூரிய வீடு’ என்ற திட்டத்தை அறிவித்தது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் சோலார் அமைப்பது நோக்கம். மொத்தச் செலவு 75,021 கோடி ரூபாய். 2026-27-ம் நிதி ஆண்டு வரை நடத்தத் திட்டமிடப்பட்டது.

இதன்படி, முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய் மானியம். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். ஆக, 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை போட்டாலும் மானியம் அதே 78,000 தான். பாங்கிகள் ஈடு கேட்காமல் குறைந்த வட்டிக்குக் கடன் தரவும் ஏற்பாடு செய்யப்பட்டது.

இங்கே இரண்டு விஷயங்களைத் தெளிவாகப் புரிந்துகொள்ளவேண்டும்.

முதல் விஷயம்: இந்தத் திட்டத்தை ‘மாதம் 300 யூனிட் இலவசம்’ என்று சொல்கிறார்கள். சர்க்கார் 300 யூனிட்டைக் கம்பியில் இலவசமாக அனுப்பிவைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உங்கள் மாடியில் உங்கள் பலகை செய்யும் மின்சாரத்தைத்தான் இலவசம் என்கிறார்கள். பலகை வாங்க நீங்களும் பணம் போடவேண்டும்.

இரண்டாவது விஷயம்: மானியம் முன்கூட்டிக் கைக்கு வராது. பலகை மாட்டி, இருவழி மீட்டர் வைத்து, அதிகாரிகள் பார்த்துச் சான்றிதழ் கொடுத்த பிறகே பாங்கிக் கணக்கில் சேரும். அதுவரை முழுப் பணத்துக்கும் வழி செய்துகொள்ளவேண்டும்.

மூன்று வீடு, மூன்று கணக்கு

இனி, பலருக்கும் தெரியவேண்டிய கேள்வி. போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும்?

2024 ஜூலையில் தமிழ்நாட்டில் அமுலுக்கு வந்த வீட்டு மின் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். இது 2016-ம் ஆண்டு மே மாதம் முதல் நடந்துவந்த சலுகை. அடுத்த 100 யூனிட்டுக்கு விலை மிகக் குறைவு. பிறகு படிப்படியாக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் யூனிட் 8 ரூபாய்க்கு மேல். 1,000 யூனிட்டைத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல்!

1 கிலோவாட் அமைக்க 75,000 ரூபாயும், 3 கிலோவாட் அமைக்க 2 லட்சம் ரூபாயும் ஆவதாக வைத்துக்கொள்வோம். பலகை, இரும்புக் கால், ஊர், கடைக்காரர் ஆகியவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும்.

முதல் வீடு: சிறிய குடும்பம். நாலு விளக்கு, இரண்டு விசிறி, ஒரு டெலிவிஷன், ஒரு சின்ன பிரிட்ஜ். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட். பில் சுமார் 240 ரூபாய். 1 கிலோவாட் சோலார் போட்டால் பில் முழுவதும் மறைந்துவிடும். ஆனால் மிச்சம் என்ன? வருஷத்துக்கு 1,440 ரூபாய். மானியம் போகக் கைப்பணம் 45,000 ரூபாய். அது திரும்பிவர 31 வருஷம் ஆகும்! பலகையின் ஆயுளோ 25 வருஷம். இந்த வீட்டுக்கு சோலார் நஷ்டம்.

இரண்டாவது வீடு: இரண்டு மாதத்துக்கு 400 யூனிட். பில் சுமார் 1,200 ரூபாய். 1 கிலோவாட் போட்டால் 240 யூனிட் கழியும். மீதி 160 யூனிட்டுக்கு பில் 150 ரூபாய் அளவில் வரும். வருஷத்துக்கு மிச்சம் 6,300 ரூபாய். கைப்பணம் 45,000 ரூபாய் 7 வருஷத்தில் திரும்பும். லாபம்தான். ஆனால் அவசரம் இல்லை.

மூன்றாவது வீடு: ஏ.சி. இருக்கிறது. தண்ணீர் மோட்டார் ஓடுகிறது. துணி துவைக்கும் யந்திரம் உண்டு. இரண்டு மாதத்துக்கு 800 யூனிட். பில் சுமார் 4,800 ரூபாய். 3 கிலோவாட் போட்டால் 720 யூனிட் கழியும். மீதி 80 யூனிட். அது இலவச 100-க்குள் அடங்கிவிடும். வருஷத்துக்கு மிச்சம் 28,800 ரூபாய்! மானியம் போகக் கைப்பணம் 1,22,000 ரூபாய். நாலேகால் வருஷத்தில் போட்ட பணம் திரும்பும். அதன் பிறகு 20 வருஷம் மின்சாரம் கிட்டத்தட்டச் சும்மா!

சோலார் மின்சாரத்துக்கு மின்சார வாரியம் வாங்கும் சில்லறைக் கட்டணங்களும், கடன் வாங்கினால் வட்டியும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அவை சேர்ந்தால் காலம் சற்று நீளும். இன்வெர்ட்டர் பெட்டியும் 25 வருஷம் உழைக்காது. இடையில் ஒரு முறையாவது மாற்றவேண்டியிருக்கும். அதற்கும் பணம் ஒதுக்கவேண்டும்.

மூன்று வீட்டுக்கும் வெயில் ஒன்றுதான். பலகை ஒன்றுதான். ஆனால் லாபம் ஒன்று இல்லை. மின்சாரம் அதிகம் செலவழிக்கும் வீட்டுக்கே சூரியன் அதிகம் கொடுக்கிறான்.

தமிழ்நாடு ஏன் பின்தங்கியது?

காற்றாலை மின்சாரத்தில் தமிழ்நாடு நீண்ட காலம் இந்தியாவிலேயே முதல் இடத்தில் இருந்தது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ம் ஆண்டில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் உலகத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று என்று அப்போது பேசப்பட்டது.

வீடுகளுக்கு சோலார் என்பதும் தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. 2011-ம் ஆண்டில் ஜெயலலிதா முதல் மந்திரியாக இருந்தபோது பசுமை வீடுகள் திட்டம் அறிவிக்கப்பட்டது. கிராமத்து ஏழைகளுக்கு 300 சதுர அடி வீடு. ஒவ்வொரு வீட்டிலும் சூரிய சக்தியில் எரியும் 5 விளக்குகள். 2012-ம் ஆண்டில் மாநிலத்துக்கென்று தனியாக சூரிய சக்திக் கொள்கை வெளியிடப்பட்டது. 2019-ம் ஆண்டில் இரண்டாவது கொள்கை வந்தது. 2023-க்குள் 9,000 மெகாவாட், அதில் 100-க்கு 40 பங்கு மக்களின் கூரைகளில் இருந்து வரவேண்டும் என்று அது குறி வைத்தது.

ஆனாலும், வீட்டு மாடி சோலாரில் குஜராத் முந்திக்கொண்டது. மகாராஷ்டிரமும் கேரளமும் முன்னே போயின. 2025 மார்ச்சு மாதம் இந்தியா முழுவதும் பிரதம மந்திரி திட்டத்தில் 10 லட்சம் வீடுகள் சேர்ந்தபோது, முன்வரிசையில் நின்ற ஐந்து மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை.

வெயில் குறைவா? இல்லை. மக்களுக்கு விவரம் போதாதா? அதுவும் முழுக் காரணம் இல்லை. மேலே சொன்ன மூன்று வீட்டுக் கணக்கே பெரும்பாலான விடையைச் சொல்லிவிடுகிறது. தமிழ்நாட்டில் 100 யூனிட் இலவசம். அடுத்த படியும் மலிவு. சாதாரணக் குடும்பத்துக்கு மின்சார பில் தாங்க முடியாத பாரமாக இருக்கவில்லை. பாரம் இல்லாதவன் சுமைதாங்கி தேடுவானா?

குஜராத்தில் இன்னொரு வழியையும் செய்து பார்த்தார்கள். மேசனா மாவட்டத்தில் மோதேரா என்று ஒரு கிராமம். பழைய சூரியன் கோயிலுக்குப் பேர் போன ஊர். அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளின் கூரையில் சர்க்கார் செலவில் பலகை வைத்தார்கள். ஊருக்கு அருகே பெரிய சூரிய மின் நிலையமும், மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரி நிலையமும் கட்டினார்கள். 2022 அக்டோபரில் ‘இரவும் பகலும் சூரிய சக்தியில் இயங்கும் கிராமம்’ என்று அது அறிவிக்கப்பட்டது.

மோதேராவில் ஏழை வீட்டுக் கூரையிலும் பலகை ஏறியது. காரணம், அவர்கள் கைப்பணம் போடவில்லை. வெள்ளானூரில் 200 யூனிட் வீட்டுக்காரர் 45,000 ரூபாய் போடவேண்டும். இந்த வித்தியாசம் தீராதவரை, மாடி சோலார் வசதி உள்ளவர்களின் பொருளாகவே இருக்கும்.

புயல் வந்தால் என்ன ஆகும்?

இது சென்னைவாசிகள் அவசியம் கேட்கவேண்டிய கேள்வி.

2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் காற்று வீசியது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்தன. பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது ஆவடி, அம்பத்தூர் வட்டாரம் வெள்ளத்தில் தத்தளித்தது. தண்ணீர் வடியும் வரை பல இடங்களில் மின்சாரம் இல்லை.

“மாடியில் சோலார் இருக்கிறது. ஊரே இருண்டாலும் நம் வீட்டில் விளக்கு எரியும்” என்று பலர் நம்புகிறார்கள்.

எரியாது!

பேட்டரி இல்லாமல் இருவழி மீட்டரோடு மட்டும் இணைந்த சோலார், தெருவில் மின்சாரம் நின்றதும் தானே நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் ஒரு விளக்கு எரியாது. இது பழுது அல்ல. வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

ஏன்? கம்பி அறுந்தது என்று லைன்மேன் கம்பத்தில் ஏறுகிறார். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் ஏறுகிறார். அந்த நேரத்தில் நம் மாடியில் இருந்து மின்சாரம் கம்பிக்குப் போனால்? அவர் உயிருக்கு ஆபத்து. அந்த உயிரைக் காக்கவே சோலார் தானாக நிற்கிறது.

மின்தடையிலும் விளக்கு வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய வேறு வகை இன்வெர்ட்டர் வாங்கவேண்டும். அதற்கு விலை அதிகம். பேட்டரியைச் சில வருஷத்துக்கு ஒரு முறை மாற்றவும் வேண்டும். வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால் இதை முன்பே யோசித்து முடிவு செய்வது நல்லது.

புயலுக்கு இன்னொரு பயமும் உண்டு. பலகை ஒவ்வொன்றும் 25, 30 கிலோ எடை. காற்று அடியில் புகுந்தால் பாய்மரம்போல் தூக்கும். கால்களைச் சரியாக நடாவிட்டால் பலகை பறந்து அடுத்த வீட்டில் விழும். இரும்புக் கால், போல்ட்டு இவற்றில் பணம் மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

வாடகைக்கு இருப்பவர் கதி?

ஆவடியிலும் அம்பத்தூரிலும் வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஏராளம். மாடி வீட்டுச் சொந்தக்காரருடையது. பில் கட்டுவது குடியிருப்பவர். சோலார் போட்டால் பணம் போடுவது ஒருவர்; லாபம் அடைவது இன்னொருவர். ஆகவே யாருமே போடுவது இல்லை. இருவரும் பேசி, பில்லில் மிச்சமாவதில் ஒரு பகுதியை வாடகையோடு சேர்த்துக்கொள்ள ஒப்பந்தம் செய்துகொண்டால் இருவருக்கும் லாபம்.

அடுக்கு மாடி வீடுகளில் மாடி எல்லோருக்கும் பொது. அங்கே ஒருவர் தன் இஷ்டத்துக்குப் பலகை வைத்தால் சண்டைதான் வரும். குடியிருப்போர் சங்கம் சேர்ந்து அமைத்து, லிப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகிய பொதுச் செலவுக்குப் பயன்படுத்தலாம். அதற்கும் பிரதம மந்திரி திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் வைத்தார்கள்.

ஏமாறாமல் இருக்க...

சோலார் வாங்க நினைக்கும் குடும்பத்தார் சில விஷயங்களைக் கவனிக்கவேண்டும்.

பழைய பில்களை எடுத்துப் பாருங்கள். ஒரு வருஷத்தின் ஆறு பில்களையும் கூட்டுங்கள். தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டுவிட்டால் பணம் மாடியில் தூங்கும்.

நிழலைப் பாருங்கள். காலை 9 மணி, பகல் 12, மாலை 3 என்று மூன்று நேரமும் மாடியில் ஏறிப் பார்க்கவேண்டும். தென்னை மரம், தொட்டி, செல்போன் கோபுரம் எதன் நிழலும் விழக் கூடாது. ஒரு பலகையில் நிழல் விழுந்தால் அதோடு சேர்த்துக் கட்டிய மற்றப் பலகைகளும் சோர்ந்துபோகும். தெற்கே காலி மனை இருந்தால் யோசிக்கவேண்டும். நாளைக்கு அங்கே மூன்று மாடி எழும்பலாம். சூரியனுக்குப் பட்டா கிடையாது!

சர்க்கார் பட்டியலில் பதிவான கம்பெனியிடமே வாங்கவேண்டும். மானியம் வேண்டும் என்றால் பலகை இந்தியாவில் செய்ததாக இருக்கவேண்டும். உத்தரவாதம் எத்தனை வருஷம், பழுது பார்க்க யார் வருவார், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும்.

மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே இணைப்பு இருந்தால் முதலில் பெயர் மாற்றம். பிறகே மற்றவை.

பலகையைக் கழுவவேண்டும். லாரி ஓடும் சாலை ஓரத்து வீடுகளில் தூசி அதிகம். மாதம் இரண்டு முறை விடியற்காலையில் தண்ணீர் விட்டுத் துடைத்தால் போதும். உப்புத் தண்ணீர் விட்டால் வெள்ளைக் கறை படியும். வெயில் ஏறிய பிறகு பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சோலார் வந்துவிட்டது என்று இரவெல்லாம் இரண்டு ஏ.சி. போடக் கூடாது. பலகை 12 யூனிட் கொடுத்தால் வீடு 20 யூனிட் குடிக்கும். பில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

சின்ன வீட்டுக்கு என்ன வழி?

200 யூனிட் வீட்டுக்காரர் மனம் தளர வேண்டியது இல்லை. பழைய விசிறி 75 வாட் மின்சாரம் குடிக்கிறது. புது மாதிரி விசிறி 30 வாட் அளவில் சுற்றுகிறது. நாள் ஒன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால், ஒரு விசிறியில் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் மிச்சம். நாலு விசிறி உள்ள வீட்டில் நாலையும் மாற்றினால், அரைக் கிலோவாட் சோலார் தரும் மின்சாரத்துக்கு இது சமம்! மாடியும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம். மிச்சம் பிடித்த யூனிட்டும் உற்பத்தி செய்த யூனிட்டுக்குச் சமம்தான்.

இரவுக்கு யார் பொறுப்பு?

கடைசியாக ஒரு கேள்வி. இது ஒரு வீட்டைப் பற்றியது அல்ல. ஊரைப் பற்றியது.

2024 மே 2-ந் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டாக உயர்ந்தது. அதுவரை அவ்வளவு தேவைப்பட்டதே இல்லை. பகலில் சூரியன் கை கொடுக்கிறான். இரவு 10 மணிக்கு வீட்டுக்கு வீடு ஏ.சி. ஓடுகிறதே, அப்போது? நிலக்கரி நிலையம்தான் ஓடவேண்டும். அல்லது வெளியில் அதிக விலைக்கு வாங்கவேண்டும்.

மாடி சோலார் வைத்தவர் பகலில் கொடுத்து இரவில் வாங்குகிறார். கொடுத்ததும் வாங்கியதும் சமம் என்று மீட்டர் சொல்கிறது. ஆனால் மின்சார வாரியத்துக்கு இரவு மின்சாரம் விலை கூடியது. கம்பியும் கம்பமும் டிரான்ஸ்பார்மரும் சோலார் வீட்டுக்காக இரவும் பகலும் காத்திருக்கின்றன. வசதி உள்ளவர்கள் எல்லோரும் பில் கட்டாமல் போனால், இந்தச் செலவு யார் தலையில் விழும்? சோலார் போட முடியாத வீட்டுக்காரர் தலையில் விழக் கூடாது. சர்க்கார் இப்போதே சிந்திக்கவேண்டிய விஷயம் இது. பேட்டரி விலை குறையக் குறைய, பகல் வெயிலை இரவுக்குச் சேமிக்கும் வழியும் பெருகும். அதில் சாதாரண மக்களுக்கும் பங்கு கிடைக்கவேண்டும்.

ஆகமொத்தம், வெள்ளானூர்க் குடும்பங்களுக்குச் சொல்லவேண்டியது இதுதான். சூரியன் பில் அனுப்புவது இல்லை. ஆனால் பலகை விற்பவர் அனுப்புவார். ஆகவே, விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அக்கம்பக்கத்தார் போட்டார்கள் என்பதற்காகவும் போட வேண்டாம். இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டுகிறதா? மாடியில் நிழல் இல்லாத 300 சதுர அடி இருக்கிறதா? வீடு சொந்த வீடா? மூன்றுக்கும் “ஆம்” என்றால் தயங்க வேண்டாம்.

“இல்லை” என்றால், முதலில் விசிறியை மாற்றுங்கள். வெயில் எங்கும் ஓடிப்போகாது. அடுத்த சித்திரையிலும் வரும்!